அலையில்லாக் கடற்கரை

கடலைக் காண வேண்டுமாயின் கிழக்கே செல்லுங்கள் என்று இன்று எல்லாரும் வழி சொல்கிறார்கள். அங்கே அகன்ற சாலை உண்டு. ஒருபுறம் நீலக் கடலும் மறுபுறம் சவுக்குத் தோப்பும் உண்டு. இளைப்பாற விடுதிகளும் உண்டு. சென்னையிலிருந்து புதுச்சேரிக்கும் அதற்கு அப்பாலும் நீளும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், தோளில் ஒரு பையோடு, துணை எவருமின்றி மோட்டார் சைக்கிளில் செல்வது இளைஞரிடையே ஒரு வேட்கையாகவே வளர்ந்துவிட்டது. இவ்வேட்கையைப் பழிப்பது நமது நோக்கமன்று. கூட்டமாய்ச் செல்பவர் தம் வீட்டையே உடன் சுமந்து செல்கிறார். தனியே செல்பவரோ தாம் செல்லும் மண்ணிடம் தம்மை ஒப்படைக்கிறார். பேச ஆளில்லாதபோது கண் விழித்துக்கொள்கிறது. ஆகவே தனிப் பயணம் நன்றே.

நமது வழக்கு வேறு. "எழில் கொஞ்சும் கடற்கரை" என்னும் சொற்றொடருக்கு இப்பயணிகளும், அவர்களை அழைக்கும் சுற்றுலா விளம்பரங்களும், அவற்றை ஊக்குவிக்கும் அரசுத் துறைகளும் கொண்டிருக்கும் பொருள் மிகமிகக் குறுகியது என்பதே நமது வழக்கு. அலை அடித்தால் கடற்கரை. அலை இல்லையேல் வெறும் பொட்டல். இந்தக் குறுகிய பார்வையின் விலையாக ஒரு கடற்கரை முழுவதும் நம் கண்முன்னே சிறுகச் சிறுக மறைந்துகொண்டிருக்கிறது. அக்கடற்கரை பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இருக்கிறது.

வாசகர் சிலர் நகைக்கக்கூடும். பெரம்பலூருக்கும் இன்றைய வங்கக் கடலுக்கும் இடையே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நிலம் கிடக்கிறது. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரிச் சீமை அது. மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்க்கும் அந்த மண்ணில் கடல் எங்கிருந்து வந்தது?

வந்தது என்பதில் ஐயமில்லை. தென் கண்டங்கள் யாவும் ஒன்றாய் ஒட்டிக் கிடந்த பெருநிலம் பிளவுண்டு, இந்திய நிலம் அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்தபோதுதான் நமது கிழக்குக் கடற்கரை உருவாகத் தொடங்கியது. அப்பிளவினால் தாழ்ந்த நிலத்துள் கடல் புகுந்தது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, சில வேளை முன்னேறியும் சில வேளை பின்வாங்கியும், இன்றைய பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் அக்கடல் நிலைகொண்டிருந்தது. ஆக, நாம் இன்று கிழக்குக் கடற்கரை என்று போற்றுவதன் குழந்தைப் பருவம் இந்தப் புன்செய்க் காடுகளில்தான் எழுதப்பட்டிருக்கிறது. மெரினாவின் பாட்டியைக் காண வேண்டுமாயின் காரைக்கும் சாத்தனூருக்கும் போக வேண்டும்.

இதை நாம் புதிதாகக் கண்டு சொல்லவில்லை. கே, கன்லிஃப் என்னும் இருவர் இப்பகுதியில் திரட்டிய சிப்பிகளையும் சங்குகளையும் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் 1846-இலேயே ஆராய்ந்து எழுதினார். பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு இவ்வூர்களில் நடந்தே திரிந்து, பாறை அடுக்குகளை வகைப்படுத்தி 1862-இல் நூலாக்கினார். அவர் அவ்வடுக்குகளுக்குச் சூட்டிய பெயர்கள் எவை? ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர்! அவருக்குப்பின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா இக்கடல் உயிர்களைப் படங்களுடன் பல தொகுதிகளாக விவரித்தார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உலகின் புவியியல் நூலகங்களில் ஊட்டத்தூரும் அரியலூரும் நன்கறிந்த பெயர்கள். ஊட்டத்தூர் வழியாகப் பேருந்தில் அன்றாடம் செல்லும் நம்மவருக்கு மட்டும் அது தெரியாது. பள்ளிப் பாடத்திலும் அது போதிய இடம் பெறவில்லை.

சாலையே ஒரு கால ஏடு

இக்கடற்கரை வழியே நாம் தனியே பயணம் செய்ததுண்டு. அப்பயணத்தின் வழியைச் சொல்வது நமது வழக்கை விளக்கும்.

சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் பாடாலூர் அருகே கிழக்கே திரும்பினால் பழைய கரை தொடங்குகிறது. மேற்கே கிடக்கும் கரும்பாறை மிகத் தொன்மையானது. கடலுக்கு அன்று கரையாய் நின்றது அதுவே. அதன்மேல் சாய்ந்து கிடக்கின்றன கடலின் படிவுகள். அவை கிழக்கு நோக்கிச் சரிந்திருப்பதால், மேற்கே மூத்த அடுக்கும் கிழக்கே இளைய அடுக்குமாக வரிசைப்பட்டுள்ளன. ஆதலின், கிழக்கு நோக்கிச் செல்பவர் ஒவ்வொரு ஊரைத் தாண்டும்போதும் பல இலட்சம் ஆண்டுகளைத் தாண்டுகிறார். இத்தகைய சாலை உலகில் எத்தனை இடங்களில் உண்டு?

முதலில் ஊட்டத்தூர், அடுத்துக் காரை. காரைக்கும் கொளக்காநத்தத்திற்கும் இடையே நிலத்தின் தோற்றமே மாறிவிடுகிறது. மழைநீர் அறுத்த ஓடைகள் களிமண் மேடுகளை விரல் விரலாகப் பிளந்து வைத்திருக்கின்றன. பயிரில்லை, நிழலில்லை. அம்மண்ணில் ஜிப்சத் தகடுகள் கண்ணாடிச் சில்லுபோல் மின்னுகின்றன. கணவாய் மீனின் தொல்லுறவான பெலம்னைட்டுகள் சிறு கோல்களாய்ச் சிதறிக் கிடக்கின்றன. சுருள் சுருளாய், ஆட்டுக் கிடாயின் கொம்புபோல் வளைந்த அம்மோனைட்டுகளும் இங்கு உண்டு. வடநாட்டுக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமம் என்னும் கல்லும் அம்மோனைட்டே. அங்கே அதைப் பூசையறையில் வைத்தார்கள். இங்கே அது மாட்டின் குளம்படியில் கிடக்கிறது. இக்காரை நிலத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நாட்டின் புவியியல் சின்னங்களுள் ஒன்றாகக் கணக்கிட்டுள்ளது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

அடுத்துக் கருடமங்கலம். சிப்பிகள் நெருங்கிப் படிந்து இறுகிய இவ்வூர்க் கல், மெருகேற்றினால் பளபளக்கும். வெள்ளையர் காலத்தில் "திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல்" என்ற பெயரில் அது அலங்காரப் பொருளாக விலைபோயிற்று. அதன்பின் சாத்தனூர். 1940-இல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் இங்கே கண்டறிந்து உலகுக்குச் சொன்ன கல்மரம் 18 மீட்டர் நீளத்திற்குப் படுத்துக் கிடக்கிறது. கரையில் வளர்ந்த மரம் கடலில் வீழ்ந்தது. சேறு அதை மூடியது. மரத்தின் இழை ஒவ்வொன்றிலும் மணற்சத்து புகுந்து உறைந்தது. மரம் மறைந்தது, மரத்தின் வடிவம் மறையவில்லை. கடற்கரையில் காற்று வாங்கப் போகிறவர் அங்கே மரநிழலைத் தேடுவார் அல்லவா? சாத்தனூரில் அந்த மரமும் இருக்கிறது, நிழல்தான் இல்லை.

வடகிழக்கே குன்னம். கிழக்கே அரியலூர். கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல்லில் பெருஞ்சிப்பிகள் அடுக்கடுக்காகப் பதிந்துள்ளன. கல்லமேட்டில் நிலவாழ் பேருயிர்களின் எலும்புகள் கிடைத்துள்ளன. இன்னும் கிழக்கே, செந்துறைப் பக்கம் நின்னியூரில், டைனோசர்கள் உலகைவிட்டு மறைந்த பின்னர் எஞ்சிய கடலின் படிவுகள் கிடக்கின்றன. அதாவது, ஒரு பகற்பொழுதில் முடிந்துவிடும் இந்தப் பயணத்தில் ஒரு பேரழிவின் முன்னும் பின்னும் நாம் நின்றுவிடலாம். எந்த விடுதியின் மாடத்திலிருந்து இக்காட்சி கிடைக்கும்?

இத்தகைய நிலத்தில் தனியே செல்வதற்குத் தனிப் பொருள் உண்டு. காரை மேட்டில் நிற்கும்போது சுற்றிலும் ஒரு குரல் இல்லை. காலடியில் கிடக்கும் உயிர் மனிதன் என்னும் சொல்லே இல்லாத காலத்தில் நீந்தியது. நமது பட்டங்களும் பதவிகளும் சாதிப் பெருமைகளும் அங்கே எவ்வளவு சிறுத்துப் போகின்றன என்பதை நின்று பார்த்தவரே அறிவர். கடலலை மனத்திற்கு இன்பம் தரும். இந்தக் கரையோ மனத்திற்கு அளவு கற்பிக்கும். இன்றைய தனிப் பயணிக்கு இவ்விரண்டில் எது அதிகம் தேவை என்று வாசகரே சொல்லட்டும்.

பையின் கனம்

இப்போது நமது முறையீட்டுக்கு வருவோம். முதற்குற்றம் பயணிகள்மீது.

காரை ஓடையருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நம்மைக் கண்டு, "என்னங்க சார், கல்லு பொறுக்க வந்தீங்களா?" என்று கேட்டார். பார்க்க மட்டுமே வந்ததாகச் சொன்னோம். அவர் சிரித்தார். "வர்றவங்க எல்லாருமே பார்க்கத்தான் வந்தோம்னு சொல்றாங்க சார். திரும்பிப் போறப்பதான் பை கனமாப் போகுது" என்றார்.

ஒரு சுற்றுலா அறிக்கை சொல்ல வேண்டியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். நினைவுக்கு ஒன்று, நண்பனுக்கு ஒன்று, வீட்டு அலமாரிக்கு ஒன்று என்று எடுத்துச் செல்லப்படும் ஒவ்வொரு கல்லும் நூலிலிருந்து கிழிக்கப்படும் ஒரு பக்கம். எந்த அடுக்கில், எந்த உயிரோடு அருகருகே அது கிடந்தது என்பதில்தான் அதன் செய்தி இருக்கிறது. இடத்தைவிட்டுப் பெயர்த்த கணமே அது ஊமையாகிவிடுகிறது. அலமாரியில் அது அழகாயிருக்கலாம்; ஆனால் அது இனிப் பேசாது. ஆய்வாளர் எடுப்பதில்லையா என்று கேட்கலாம். ஆய்வாளர் இடத்தைக் குறித்து, அடுக்கைக் குறித்து, பொது நிறுவனத்தில் சேர்க்கிறார். பயணி இம்மூன்றில் எதையும் செய்வதில்லை.

அறியாமையின் மற்றொரு முகத்தை 2020-ஆம் ஆண்டில் கண்டோம். குன்னத்தில் மண் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டன. "டைனோசர் முட்டை" என்று செய்தி காட்டுத்தீயாய்ப் பரவிற்று; கூட்டம் திரண்டது. அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட்டு சார்ந்த கடற்படிவுகள் என்று அறிந்தோர் விளக்கியதும் ஆர்வம் வற்றிப்போயிற்று. முட்டையாயிருந்தால் பெருமை, கடலாயிருந்தால் ஏமாற்றமா? பெரம்பலூர் மண்ணில் கடல் உறைந்து கிடக்கிறது என்பதைவிடப் பெரிய செய்தி வேறு என்ன வேண்டும்? வியப்புக்கு நாம் பழகவில்லை, பரபரப்புக்கே பழகியிருக்கிறோம்.

காக்கத் தவறிய எலும்புகள்

இரண்டாம் குற்றம் காப்பாற்ற வேண்டியவர்கள்மீது. கல்லமேட்டு எலும்புகளின் கதையை எடுத்துக்கொள்வோம். அங்கே கிடைத்த மாபெரும் எலும்புகளை வைத்து, புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இருவர் 1987-இல் புருஹத்காயோசாரஸ் என்று ஓர் உயிருக்குப் பெயரிட்டனர். "பேருடல் கொண்டது" என்பது அப்பெயரின் பொருள். அவர்கள் தந்த அளவுகள் சரியாயின், உலகில் நடமாடிய நிலவாழ் உயிர்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று அரியலூர் மண்ணில் நடந்திருக்கிறது. அது எலும்பே அன்று, கல்லாகிய மரமாயிருக்கலாம் என்று ஐயுற்றவர்களும் உண்டு. இவ்வழக்கைத் தீர்ப்பது எளிது. எலும்பை மீண்டும் ஒருமுறை ஆராய்ந்தால் போதும். ஆனால் எலும்பு எங்கே? மழையிலும் மண்ணிலும் நொறுங்கும் தன்மையுடைய அவை சிதைந்து அழிந்துபோயின என்பது 2017-இல் எழுத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. சில வரைபடங்களும் ஒளிப்படங்களுமே மிஞ்சின.

ஏழு கோடி ஆண்டுக் காலம் மண் பத்திரமாக வைத்திருந்த ஒன்றை நாம் தோண்டியெடுத்துச் சில ஆண்டுகள்கூடக் காக்க இயலவில்லை. தனி ஒருவரைச் சுட்டி நாம் இதைச் சொல்லவில்லை. களத்திலேயே எலும்பைப் பிணைத்துக் காக்கும் கருவியும், உடனே கொண்டுசேர்க்கும் வசதியும், அருகிலேயே பாதுகாப்பிடமும் அன்று இல்லை. இல்லாமற்போனது பணத்தால் மட்டுமா? இது காக்கத்தக்கது என்ற எண்ணம் நாட்டின் நெஞ்சில் இல்லாமற்போனதே முதற்காரணம்.

அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பெரம்பலூர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் அம்மோனைட்டு மையம் அமைந்திருக்கிறது. இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் கண்ணாடிப் பெட்டியில் வைத்த சிப்பி கடற்கரை ஆகாது. மீன் தொட்டியைக் காட்டி, இதோ கடல் என்று எவரும் சொல்வாரா?

உலையில் வேகும் கரை

மூன்றாம் குற்றமே பெருங்குற்றம். அரியலூரை இன்று பலரும் சிமெண்ட் நகரம் என்று அழைக்கிறார்கள். அச்சிமெண்டின் மூலப்பொருள் எது? சுண்ணாம்புக்கல். அச்சுண்ணாம்புக்கல் எது? கடல்வாழ் சிற்றுயிர்கள் நீரிலிருந்து சத்தைச் சேர்த்துக் கட்டிய ஓடுகள், சிப்பிகள், பவளங்கள். அவற்றை வெடிவைத்துப் பெயர்த்து, பொடித்து, களிமண்ணோடு கலந்து, 1,450 பாகை வெப்பத்தில் உலையிலிட்டால் சிமெண்டுக் கட்டி உருவாகிறது. சிப்பி தன் ஓட்டில் பூட்டி வைத்திருந்த கரியமில வாயு உலைவாய் வழியே வானேறுகிறது. உலகில் மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்ட் தொழிலால் வருவது.

இங்கே ஒரு கொடிய முரணைக் காண்கிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கிலும் எழும் விடுதிகளின் சுவர்களுக்கும் சிமெண்ட் வேண்டும். ஒரு கடற்கரையைப் பார்ப்பதற்கான மாடம், மற்றொரு கடற்கரையைப் பொடித்த தூளால் எழுப்பப்படக்கூடும். எழிலைத் தேடிச் செல்லும் பயணி, எழில் ஒன்றின் சாம்பல்மீது நின்றே அலையைப் படம் பிடிக்கிறார்! கல்லைப் பையில் போட்டுக்கொள்பவரும் கரையை உலையில் போடுபவரும் அளவால் வேறுபட்டவர், பார்வையால் ஒன்றுபட்டவர். இருவருக்கும் இந்நிலம் எடுத்துச் செல்வதற்கு மட்டுமே உரியது.

அரியலூர்ச் சாலைகளின் ஓரத்தில் மரங்களும் கூரைகளும் வெண்புழுதி போர்த்து நிற்பதை அவ்வழி செல்வோர் அறிவர். சுண்ணாம்புக்கல் லாரிகளின் வேகத்தையும் விபத்துகளையும் எதிர்த்து அவ்வூர் மக்கள் பலமுறை சாலையில் அமர்ந்ததுண்டு. கல் தீர்ந்த குழிகளில் மழைநீர் தேங்கி நீலமாய்த் தெரிகிறது. அக்குழிகளை ஏரி என்று எண்ணி, எழில் என்று சொல்லிப் படம் பிடிப்பவரும் உண்டு.

எதிர்வழக்கும் விடையும்

நமக்கு எதிராகச் சொல்லப்படுவதை நாம் மறைக்க வேண்டியதில்லை. "ஆலைகள் சோறு போடுகின்றன, கல்லாகிப்போன நத்தை சோறு போடுமா?" என்பது முதல் வாதம். வறட்சியில் வாடிய சீமைக்கு ஆலைகள் வேலை தந்தன என்பது உண்மையே. ஓலைக் குடிசை ஓட்டு வீடாகி, ஓட்டு வீடு தளம்போட்ட வீடாக மாறுவதற்கும் சிமெண்ட் வேண்டும். ஏழையின் வீட்டுக்கு வேண்டிய சிமெண்டை நாம் எதிர்க்கவில்லை. "சுரங்கம் வெட்டியதனால்தானே பல படிவங்கள் வெளிப்பட்டன?" என்பது இரண்டாம் வாதம். இதுவும் உண்மையே. கல்லங்குறிச்சிச் சுரங்கங்களில் ஆய்வாளர் பலர் பாடம் கற்றிருக்கின்றனர்.

நாம் கேட்பது, வெட்டாதே என்று அன்று. எங்கே வெட்டலாம், எங்கே வெட்டலாகாது என்று எவரேனும் கணக்கிட்டார்களா என்பதே. வெளிப்பட்ட படிவம் அன்று மாலையே பொடியாகிவிடுமானால் அது வெளிப்பட்டதனால் பயன் யாருக்கு?

இதே மண்ணில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோவிலின் சுற்று மதிலையும் பிற கட்டடங்களையும் இடித்துக் கல் எடுத்தார்கள். ஊர்மக்கள் தடுத்தும் கேட்கவில்லை. அணை தேவையானதே, அதனால் எண்ணற்ற வயல்கள் விளைந்தன. ஆனால் இராசேந்திரன் எடுத்த கோவிலின் கல்தான் அதற்குக் கிடைத்ததா என்று இன்று வரலாறு படிக்கும் ஒவ்வொருவரும் நெஞ்சம் நொந்து கேட்கிறோம். அக்கோவில் 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். மதிலை இடித்தவரும் பயனைத்தான் பேசினார். இன்று கரையைப் பொடிப்பவரும் பயனையே பேசுகிறார். ஆயிரம் ஆண்டுப் பழமைக்காகக் கண்ணீர் வடிக்கத் தெரிந்த நாம், பத்துக் கோடி ஆண்டுப் பழமைக்கு முன் மட்டும் ஏன் கல்லாய் நிற்கிறோம்? இடிந்த மதிலையாவது மீண்டும் எழுப்பலாம். சிப்பி அடுக்கை எந்தச் சிற்பி எழுப்புவார்?

பிறநாட்டார் எவ்வாறு நடந்துகொண்டனர் என்றும் பார்க்கலாம். இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்று ஒரு சிற்றூர் உண்டு. அங்கே தச்சர் ஒருவரின் மகளாய், வறுமையிலும் சிறுகல்வியிலும் வளர்ந்த மேரி ஆனிங் என்னும் பெண், கடலோரப் பாறைகளிலிருந்து தொல்லுயிர்களின் முழு எலும்புக்கூடுகளை வெளிப்படுத்தினார். 1799-இல் பிறந்து 1847-இல் மறைந்த அவரைக் கற்றோர் கழகங்கள் வாழ்நாளில் உறுப்பினராக்கவில்லை. ஆயினும் அவர் ஊர் அவரை மறக்கவில்லை. அக்கரையில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளம் 2001-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அங்கே கல் எடுப்பது முற்றிலும் தடைசெய்யப்படவில்லை. அலையடித்து உதிர்ந்ததை எடுக்கலாம், அடுக்கைப் பெயர்க்கலாகாது, அரியது கிடைத்தால் பதிவு செய்ய வேண்டும் என்ற நெறியை வகுத்தார்கள். இன்று அக்கடற்கரைக்குத் தனியே பயணம் போகிறவர் பலர். அவர்கள் கடலையும் காண்கிறார்கள், காலத்தையும் காண்கிறார்கள். அவ்வூரின் கடைக்காரருக்கும் விடுதிக்காரருக்கும் அக்கற்கள் சோறு போடுகின்றன. கல்லாகிப்போன நத்தை சோறு போடுமா என்ற கேள்விக்கு லைம் ரீஜிஸ் விடை சொல்கிறது.

செய்யத்தக்கவை

குற்றம் சாட்டுவதோடு நில்லாமல், செய்ய வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, சட்டம். புவியியல் சின்னங்களைக் காக்கத் தனிச் சட்டம் இல்லாத குறையை நீக்குவதற்காக, நடுவண் அரசின் சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் ஒரு சட்ட வரைவை வெளியிட்டது. நல்ல தொடக்கம், ஆனால் வரைவுத் தாள் வெடிமருந்தைத் தடுக்காது. எந்தச் சட்டம் வந்தாலும் அதில் உள்ளூர்ச் சிற்றூராட்சிக்கும் ஒரு குரல் இருக்க வேண்டும். தில்லியிலிருந்து காரை ஓடையைக் காவல் காக்க இயலாது. அங்கே ஆடு மேய்ப்பவரால் இயலும்.

இரண்டாவது, சுரங்க உரிமம். புதிய குழி தோண்டும் முன்னும், பழைய குழியை அகலப்படுத்தும் முன்னும், படிவ ஆய்வாளர் அந்நிலத்தை நடந்து பார்த்துக் குறித்தாக வேண்டும் என்பது உரிமத்தின் கட்டளையாக வேண்டும். ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு பகுதியேனும் வெட்டப்படாமல் நிலைக்க வேண்டும். கல்லை விற்றுக் கிடைக்கும் பெரும்பொருளில் இதற்காகும் செலவு கடலில் ஒரு துளி.

மூன்றாவது, பள்ளி. பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆசிரியருடன் காரைக்கும் சாத்தனூருக்கும் நடந்து செல்லட்டும். மாமல்லபுரத்துக்குப் பேருந்து அமர்த்தும் பள்ளிகள், தம் ஊருக்கு அப்பால் இரண்டு கல் தொலைவிலுள்ள கடலைக் காட்டாமல் விடுவது முறையா? அறிந்த பிள்ளை நாளை அந்நிலத்துக்குக் காவலாகும்.

நான்காவது, பெயர்ப்பலகை. ஊட்டத்தூர் முதல் நின்னியூர் வரை, சாலையோரம் தூய எளிய தமிழில், "இங்கே நீங்கள் இத்தனை கோடி ஆண்டுக்கு முந்திய கடலடியில் நிற்கிறீர்கள்" என்று எழுதி நிறுத்துவதற்கு எவ்வளவு செலவாகும்? கடைத்திறப்பு விழாவின் ஒரு நாள் விளம்பரச் செலவுகூட ஆகாது.

ஐந்தாவது, பயணி. தனியே சாலையில் இறங்க விரும்பும் இளைஞர்களிடம் நாம் வேண்டுவது இது. கிழக்கே போகும் முன் ஒருநாள் இப்பக்கம் வாருங்கள். வெயில் தாழ்ந்த மார்கழி, தை மாதங்களில் வாருங்கள். ஊர்க்காரரிடம் வழி கேளுங்கள். அவர் தரும் மோரை வாங்கிப் பருகுங்கள். கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். பார்த்தபின் எடுத்த இடத்திலேயே வையுங்கள். உங்கள் பின்னால் வருபவரும் அதைக் காண வேண்டும்.

கடல் இங்கிருந்து தானாகவே விலகிச் சென்றது. போகும்போது தன் கரையை நம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிற்று. அக்கரையைக் காத்த பெருமை மனிதனுக்கு உரியதன்று. மண்ணே அதைக் காத்தது. நம் தலைமுறையில்தான் அதை விற்கவும் அழிக்கவும் போதிய வலிமை மனிதன் கைக்கு வந்திருக்கிறது. அந்த வலிமையோடு பொறுப்பும் வந்ததா என்பதற்கு ஆட்சியாளரும் ஆலை நடத்துவோரும் பயணியரும் இன்றே விடை சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு நாளும் லாரிகள் புறப்பட்டுக்கொண்டிருக்கின்றன.